பாத்திரம் எந்தக் கையிலிருந்து

வியாழக்கிழமை மாலை சித்திரக்காரி பிர்கிட், கோயில் சுவரில் எழுதப்போகிற படத்தின் மாதிரி வரைந்த பெரிய காகிதத்தைச் சாரத்திலிருந்து தொங்கவிட்டபோதுதான், கர்த்தருடைய இராப்போஜனப் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் ஆசீர்வாதம் என்று எனக்குத் தெரிந்தது. உட்கார்ந்திருந்தால்கூடப் பரவாயில்லை. தான் குடித்த பாத்திரத்தை அவன் என்னிடம் நீட்டிக்கொண்டிருந்தான். நான் இரண்டு கைகளையும் ஏந்தி அதை வாங்கப்போகிறவனாக இருந்தேன்.

"எப்படி வந்திருக்கிறது?" என்று பிர்கிட் கேட்டாள்.

நான் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். கிளென் ஐரிஸ் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலேறி, கடைசி நிறுத்தமான கிளென் வேவர்லியில் இறங்கி மகள் வீட்டுக்குப் போனேன். அன்று நான் சாப்பிடவில்லை.

என் பெயர் தேவசிகாமணி. தரங்கம்பாடிக்காரன். ஒரு மிஷன் பள்ளியில் இருபத்திரண்டு வருஷம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். மனைவி காலமான பிறகு, மெல்பர்ன் ஆஸ்பத்திரி ஒன்றில் டாக்டராக இருந்த என் மகள் சுகிர்தா என்னை இங்கே அழைத்துக்கொண்டாள். நான் சொல்வது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருஷம். எனக்கு அப்போது அறுபத்தெட்டு வயது.

எங்கள் ஊரை இருநூற்றிருபத்தைந்து வருஷம் டேனிஷ்காரர்கள் ஆண்டார்கள். கோட்டை கட்டினார்கள், கோயில் கட்டினார்கள். எனக்கு ஏழு தலைமுறைக்கு முந்தின பாட்டனார் அவர்கள் காலத்தில் உபதேசியாராக இருந்தவர். அவருடைய பெயரை ஒரு டேனிஷ் பாதிரியார் தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தின் நகல் எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது. ஆகவே, மெல்பர்னில் டேனிஷ்காரர்களுக்கு ஒரு கோயில் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும், அழைப்பில்லாமலே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் லுண்ட் என் ஊர்ப் பெயரைக் கேட்டுவிட்டு என் கையை விடவே இல்லை.

"தரங்கம்பாடியா! பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தக் கோட்டையின் படம் இருந்தது. அந்த ஊரிலிருந்து உயிரோடு ஒருவரைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை" என்றார்.

அந்த வருஷம் கோயிலின் நீளச் சுவர் முழுவதும் சித்திரம் எழுத டென்மார்க்கிலிருந்து பிர்கிட் வந்திருந்தாள். ஐம்பது வயது, ஆண்பிள்ளை பூட்ஸ், அதன் மேல் எப்போதும் சுண்ணாம்பு. அவள் எழுதியது வேதாகமம்தான். ஆனால் அது நடந்த இடம் டென்மார்க். கலிலேயாக் கடல் அவர்கள் ஊர்க் கழிமுகம். பேதுருவும் அந்திரேயாவும் கம்பளிச் சட்டை போட்டு ஹெர்ரிங் மீன் வலையை இழுத்தார்கள். மரியாள் வைக்கோல் கூரை வேய்ந்த வெள்ளைச் சுவர் வீட்டில் உட்கார்ந்திருந்தாள். கூரையில் நாரை கூடு கட்டியிருந்தது. உயிர்த்தெழுந்த கர்த்தர் கையில் சிவப்பில் வெள்ளைச் சிலுவை போட்ட டேனிஷ் கொடி. அதன் முன் கிழவர்களும் கிழவிகளும் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வதை நான் பல ஞாயிறு பார்த்திருக்கிறேன். எனக்கு அது விநோதமாகப் படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கத்துப் படங்களில் மரியாள் சேலை கட்டியிருப்பாள்.

கடைசிக் கட்டம் இராப்போஜனம். பந்தியில் இருப்பவர்களுக்குச் சபையார் முகங்களையே எழுதுவது என்று ஏற்பாடு. பாஸ்டர் லுண்ட் ஒரு யோசனை சொன்னார். டென்மார்க்கிலிருந்து முதலில் சுவிசேஷம் கடல் கடந்து போனது தரங்கம்பாடிக்கு. அந்த ஊர்க்காரர் இரண்டு பேரையும் பந்தியில் உட்கார வைக்கலாமே என்று. பிர்கிட் என்னைக் கேட்டாள். ஆறு மாலை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கொடுத்தேன். "கொஞ்சம் தலையைக் குனியுங்கள்" என்று ஆறு மாலையும் சொன்னாள். எனக்கு அந்தப் பழக்கமில்லை என்றேன். இரண்டாவது ஆள் யார் என்று நான் கேட்கவில்லை. என் மகள் என்றே நினைத்துக்கொண்டேன்.

ஆசீர்வாதம் அந்தக் கோயிலில் சுவர் பூசுகிறவன். டேனிஷ் கப்பல் ஒன்றில் தச்சனாக வந்து, பாஸ்டர் கையெழுத்துப் போட்டதால் இங்கே தங்கி, கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். அவன் பாட்டன், பூட்டன் எல்லாரும் எங்கள் ஊரில் சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவர்கள். பிர்கிட்டுக்குச் சுண்ணாம்பை நீற்றிப் பதம் பார்க்கத் தெரிந்த ஆள் வேண்டியிருந்தது, அவன் அகப்பட்டான். முதல் தடவை என்னைப் பார்த்தபோது சாரத்திலிருந்து இறங்கி வந்து, "ஐயா, உபதேசியார் வீடுதானே?" என்றான். ஆமாம் என்றேன். அதற்கு மேல் நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

இனி எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். அதை நான் ஏற்படுத்தவில்லை, மறைக்கவும் போவதில்லை. எங்கள் கோயில் சிலுவை வடிவத்தில் கட்டியது. எங்கள் ஆட்கள் வடக்குச் சிறகில் உட்காருவோம், ஆசீர்வாதத்தின் சாதி ஆட்கள் தெற்குச் சிறகில். நற்கருணையில் எல்லாரும் வாய் வைத்துக் குடிக்கும் திராட்சரசப் பாத்திரம் வடக்கில் தொடங்கித் தெற்கில் முடியும். என் தாத்தா காலத்தில் புதிதாக வந்த ஒரு பாதிரியார், இனி யார் முன்னால் வந்து மண்டியிடுகிறார்களோ அவர்களுக்கு முதலில் கொடுப்பேன் என்றார். தாத்தா அன்றே குடும்பத்தோடு எழுந்து வெளியே வந்தார். பதினோரு வருஷம் எங்கள் வீட்டில் யாரும் நற்கருணை எடுக்கவில்லை. பாதிரியாரை மாற்றிய பிறகுதான் திரும்பிப் போனோம். எங்கள் குடும்பத்தைப் பற்றி ஊரில் பேச்சு வந்தால் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

மெல்பர்ன் கோயிலில் எனக்கு இந்தச் சங்கடம் வந்ததில்லை. டேனிஷ்காரர்கள் ஆளுக்கொரு சின்ன வெள்ளிக் கிண்ணம் வைத்துக்கொள்கிறார்கள். பாஸ்டர் அதில் ஊற்றுவார். ஒருவர் வாய் வைத்ததில் இன்னொருவர் வாய் வைப்பதில்லை. ஆனால் பிர்கிட் சுவிசேஷத்தில் உள்ளபடி ஒரே பாத்திரத்தை எழுதியிருந்தாள்.

சுவர் காய்ந்த பிறகு அதை யாராலும் மாற்ற முடியாது. ஈரச் சுண்ணாம்பின் மேல் வைக்கிற வண்ணம் உள்ளே இறங்கிக் கல்லாகிவிடும். பிரதிஷ்டையின் போட்டோக்கள் சபைப் பத்திரிகையில் வரும். அந்தப் பத்திரிகை தரங்கம்பாடிக்கும் போகும். உபதேசியார் வீட்டு மூத்தவன் கடல் கடந்து போய் யார் கையால் பாத்திரம் வாங்கினான் என்பதை என் தம்பி பார்ப்பான், ஊர் பார்க்கும். நான் செத்த பிறகும் அந்தச் சுவரில் நான் வாங்கிக்கொண்டேதான் இருப்பேன்.

மறுநாள் காலை என் படத்தை எடுத்துவிடும்படி ஒரு கடிதம் எழுதிக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று மாலை சபைக் கமிட்டி கூடுவதாக இருந்தது.

கமிட்டி கோயிலுக்குப் பின்னால் உள்ள ஹாலில் காப்பியோடும் பலகாரத்தோடும் தொடங்கியது. ஆசீர்வாதம் வேலை உடுப்போடு வாசல் பக்கம் நின்றுகொண்டிருந்தான். நான் எழுவதற்கு முன்பே கமிட்டித் தலைவர் மாட்சென் எழுந்துவிட்டார். பால் பண்ணைக்கு இயந்திரங்கள் விற்கிறவர், பெரிய உருவம். டேனிஷில் தொடங்கி, என்னைப் பார்த்ததும் ஆங்கிலத்துக்கு மாறினார்.

"நான் ஊரை விட்டு வந்து இருபத்தைந்து வருஷம். என் பேரப் பிள்ளைகளுக்கு டேனிஷில் ஜெபம் பண்ணத் தெரியாது. டென்மார்க் என்று அவர்களுக்குக் காட்ட என்னிடம் இருப்பது இந்தச் சுவர் ஒன்றுதான். அந்தப் பந்தியில் அவர்கள் தங்கள் சொந்த ஜனத்தைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டு இந்தியர்கள் மேல் எனக்கு விரோதம் இல்லை. ஆனால் இது எங்கள் சுவர். எங்கள் கொடி."

இந்த இரண்டு இந்தியர்கள். நான் வாசல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

பாஸ்டர் லுண்ட் வாக்கெடுக்கச் சொன்னார். எங்கள் படம் இருக்கலாம் என்று ஐந்து கை, கூடாது என்று நான்கு. மாட்சென் ஒரு நிபந்தனை சேர்த்தார். ஞாயிற்றுக்கிழமை பிரதிஷ்டைக்கு டேனிஷ் தூதர் வருகிறார்; சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குச் சாரத்தைப் பிரித்தாக வேண்டும். அதற்குள் அந்த இடம் முடியவில்லை என்றாலோ, படத்தில் இருப்பவர்களே ஆட்சேபித்தாலோ, அங்கே ஒரு ஜன்னலும் அதற்கு வெளியே ஒரு பீச் மரமும் எழுதிவிட வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள்.

"சரி, இப்போதே கேட்டுவிடுவோம்" என்று மாட்சென் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?"

கடிதம் என் பையில் இருந்தது. அதை எடுத்து நீட்டினால் போதும். அந்த மனிதர் மேஜையில் இரண்டு கைகளையும் ஊன்றி, நான் அதை எடுப்பதற்காகவே காத்திருப்பவர் போலக் குனிந்து பார்த்தார்.

நான் எழுந்து நின்றேன். "மிஸ்டர் மாட்சென், அந்தக் கொடி எங்கள் ஊர்க் கோட்டையில் இருநூறு வருஷத்துக்கு மேல் பறந்தது. பிறகு ஒரு நாள் கோட்டை, கோயில், மனிதர் எல்லாவற்றையும் சேர்த்து ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனீர்கள். அப்போது எங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. இன்று கேட்டதற்கு நன்றி. ஆட்சேபம் இல்லை."

யாரோ ஒரு கிழவி கையைத் தட்டினாள். மாட்சென் வாசலைப் பார்த்தார். "உனக்கு?"

"ஐயா சொன்னதுதான்" என்றான் ஆசீர்வாதம் ஆங்கிலத்தில்.

வெளியே வரும்போது அவன் என் பக்கத்தில் வந்து, "நல்லா குடுத்தீங்கய்யா. மனுஷன் காப்பியக்கூட குடிக்கல" என்றான். நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு நடந்தேன். மாட்சென் முன்னால் தலை நிமிர்ந்தது எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் அதற்கு விலையாக என் கைகள் அந்தக் காகிதத்தில் இன்னும் ஏந்தியபடியே இருந்தன.

சனிக்கிழமை காலை சுகிர்தா என்னைக் காரில் கொண்டு போய் விட்டாள். முந்தின நாளே அவளிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன்.

"அப்பா, ஆஸ்பத்திரியில தினம் எத்தனை பேர் ரத்தத்தை எத்தனை பேருக்கு ஏத்தறேன் தெரியுமா? பாட்டில்ல வடக்கா தெற்கான்னு எழுதியிருக்காது."

"நான் ரத்தத்தைப் பத்திப் பேசலை. மரியாதையைப் பத்திப் பேசறேன்."

"பின்ன நேத்தே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே."

"அந்த மாட்சென் கேட்டு நான் சொல்றதா?"

அவள் சிரித்துவிட்டாள். "அது சரி. ஒருத்தருக்காக உள்ள வந்தாச்சு, இன்னொருத்தருக்காக வெளிய போகணும். ப்ளீஸ்ப்பா, அங்க போய் சீன் போடாதீங்க. நான் நாலு மணிக்கு வர்றேன்."

நான் உள்ளே போனபோது அன்றைய பூச்சு முடிந்திருந்தது. ஆசீர்வாதம் விடியற்காலையில் வந்து, எங்கள் இருவர் உருவமும் அடங்கும் அளவுக்கு மெல்லியதாகச் சுண்ணாம்பு பூசி வழவழவென்று தேய்த்து வைத்திருந்தான். பிற்பகல் மூன்று மணி வரைக்கும்தான் அது வண்ணத்தைக் குடிக்கும் என்று பிர்கிட் சொன்னாள். அவன் பின்பக்கம் வாளிகளைக் கழுவப் போயிருந்தான். அதுதான் சமயம் என்று நான் அவளிடம் போனேன்.

"ஒரே ஒரு திருத்தம். பாத்திரம் என் கையிலிருந்து அவன் கைக்குப் போகட்டும். மூத்தவர் இளையவருக்குக் கொடுப்பதுதான் எங்கள் வழக்கம்."

பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

பிர்கிட் காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "அடடா, அதுதான் சரி! வாங்குகிறவர் கொஞ்சமாவது குனிய வேண்டும். நீங்கள் ஆறு நாளும் குனியவில்லை. கொடுக்கிறவர் நிமிர்ந்திருக்கலாம். உங்களை இப்படியே எழுதிவிடுகிறேன். ஆசீர்வாதம் குனியட்டும்."

இவ்வளவு எளிதாக முடியும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. மூன்றரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தேன். மேலிருந்து கீழே எழுதிக்கொண்டு வருவதுதான் அவர்கள் முறை. கீழே எழுதியதன் மேல் வண்ணம் ஒழுகக் கூடாது. பன்னிரண்டரை மணிக்கு என் முகம் சுவரில் வந்துவிட்டது. நிமிர்ந்த முகம். என் தாத்தாவின் சாயல் இருந்தது. நான் சாரத்தின் அடியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே சுகிர்தா கட்டிக்கொடுத்த சாதத்தைச் சாப்பிட்டேன்.

பிறகு அவள் ஆசீர்வாதத்தை உட்கார வைத்தாள். கோயில் பாத்திரம் ஒன்றில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எங்கள் இருவர் கையிலும் கொடுத்தாள். காலிப் பாத்திரத்தைப் பிடிக்கிற கை பொய் சொல்லும் என்றாள்.

"இப்போது தலையைக் குனி. அவர் கொடுக்கிறார், நீ வாங்குகிறாய்."

ஆசீர்வாதம் பாத்திரத்திலிருந்து கையை எடுத்துவிட்டான். "காகிதத்தில் நான்தானே கொடுத்தேன்?" என்று அவளிடம் கேட்டான்.

"மிஸ்டர் தேவசிகாமணி மாற்றச் சொன்னார். உங்கள் ஊர் வழக்கமாமே."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவன் தமிழில் பேசினான்.

"ஊரு வழக்கந்தான். இல்லைங்கல. மெல்பர்னு வரைக்கும் பெட்டில மடிச்சு வச்சு எடுத்துக்கிட்டு வந்திருக்கீங்களேய்யா."

"வயசுல மூத்தவன் குடுக்கிறது தப்பா?"

"வயசுன்னா சரிங்கய்யா, இப்பவே குனியறேன். கர்த்தர் பேரால சொல்லுங்க, வயசுதானா?"

நான் பாத்திரத்தில் இருந்த தண்ணீரைப் பார்த்தேன். சாரத்தின் மேலிருந்து பிர்கிட், "என்ன? என்ன சொல்கிறான்?" என்று கேட்டாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"நான் குனிய மாட்டேன்" என்று அவன் அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னான். மறுபடியும் என்னிடம் திரும்பினான். "எங்க தாத்தா பாத்திரத்துல கடைசி வாய் குடிச்சவரு. அடியில கிடக்கிற கசடுதான் எங்க பக்கம் வரும். இந்தச் சுவத்துலயும் அதேதான்னா, பூசுற கரணை என் கையிலதான் இருக்கு. ஒரு நிமிஷத்துல எனக்குப் பூசின இடத்தை வெட்டி எடுத்துடறேன். நீங்க தனியா நின்னு யாருக்கு வேணா குடுங்க."

"உன்னை எடுத்தா என்னையும் எடுத்துடுவாங்க. மாட்சென் காத்துக்கிட்டிருக்கான்."

"ஆமாங்கய்யா. அவருக்கு நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான். உங்களுக்குத்தான் ரெண்டு."

பிர்கிட் தூரிகையைத் தண்ணீரில் போட்டாள். "நீங்கள் என்ன சண்டை போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. மணி ஒன்றே கால். இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் இந்தச் சுவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிடும். நான் வெளியே போய் ஒரு சிகரெட் பிடிக்கிறேன். வரும்போது யாராவது ஒருவர் குனிந்திருங்கள்."

அவள் பூட்ஸ் சத்தம் வாசலைத் தாண்டியது. நான் பாத்திரத்தைப் பலகையில் வைத்தேன். என் வீட்டுப் பெருமையைச் சொன்னால் அவன் அடங்குவான் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், நான் செய்த தவறு அதுதான்.

"எங்க தாத்தா இதுக்காகப் பதினோரு வருஷம் நற்கருணை இல்லாம இருந்தவர். உனக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றான். "அந்தப் பதினோரு வருஷத்துல உங்க வீட்டுல ஒரு பொண்ணு செத்துச்சே, ரூபவதி. அதுவும் தெரியும்."

என் தகப்பனாருக்கு ஒரு அக்காள் இருந்து சின்ன வயதில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று நான் கேள்விப்பட்டிருந்தேன். எங்கள் வீட்டில் அவள் பெயரை யாரும் சொன்னதில்லை. படம் இல்லை. குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில் பிறப்பு இறப்பு எழுதியிருக்கும். அதில் ஒரு வரியின் மேல் காகிதம் ஒட்டியிருக்கும். அந்தப் பெயரை முதல் தடவையாக இவன் வாயால் கேட்டேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பாதிரியாருக்குக் குடை பிடிச்சுக்கிட்டு வந்தது எங்க தாத்தாங்கய்யா. நல்ல மத்தியான வெயிலு. பிழைக்காதுன்னு தெரிஞ்சதும் அந்தப் பொண்ணு நற்கருணை கேட்டிருக்கு. பாதிரியாரு பாத்திரத்தை எடுத்துக்கிட்டு உங்க வாசலுக்கு வந்தாரு. உங்க தாத்தா ஒரே ஒரு கேள்வி கேட்டாரு. இன்னைக்கு இது எந்தப் பக்கம் முதல்ல போச்சுன்னு. பாதிரியாரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லல. தெக்குப் பக்கம்னாரு. உங்க தாத்தா கதவைச் சாத்திட்டாரு."

அவன் கரணையால் வாளியின் விளிம்பைச் சுரண்டிக்கொண்டே பேசினான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உள்ள இருந்து சத்தம் வந்துச்சாம். அப்பா, கதவைத் திறங்கப்பான்னு. ரெண்டு தடவை. மூணாவது தடவை வருமான்னு பாதிரியாரு நின்னு பாத்தாரு. வரல. ஜெபம் பண்ணின ரசத்தைத் தரையில கொட்டக் கூடாதில்ல? ரோட்டுலயே எங்க தாத்தாகிட்ட குடுத்துட்டாரு. அந்தப் பொண்ணு பேரைச் சொல்லிட்டுக் குடின்னாராம். எங்க வீட்டுல இன்னைக்கும் குடும்ப ஜெபத்துல அந்தப் பேரு வரும். யாருன்னு தெரியாமலே என் மகன்கூட சொல்லுவான்."

பொய் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவன் வம்சத்துக்கு எங்கள் வீட்டுக் கதை என்ன தெரியும் என்று கேட்க நினைத்தேன். ஆனால் எங்கள் வீட்டு வாசற்கதவு நினைவுக்கு வந்தது. பகலில் அதைச் சாத்தக் கூடாது என்பது தாத்தாவின் கட்டளை. மழை அடித்தாலும் மாடு நுழைந்தாலும் சாத்தக் கூடாது. நான் ஐந்து வயதில் விளையாட்டாக ஒரு தடவை சாத்தியபோது, அந்த மனிதர் சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வந்தாரை வரவேற்கும் வீடு, அதனால் கதவு சாத்துவதில்லை என்று ஊருக்கே நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

சுவரில் என் முகம் நிமிர்ந்திருந்தது. தாத்தாவின் சாயல் என்று ஒரு மணி நேரத்துக்கு முன் சந்தோஷப்பட்டேனே, அதே முகம். கதவுக்கு உட்பக்கம் நின்ற முகம் அப்படித்தான் இருந்திருக்கும்.

பிர்கிட் திரும்பி வந்தபோது மணி ஒன்றே முக்கால். நாங்கள் இருவரும் எழுந்து நின்றுகொண்டிருந்தோம். யாரும் குனிந்திருக்கவில்லை. அவள் கையை விரித்தாள்.

"அவன் கொடுக்கிறான்" என்றேன். "நான் வாங்குகிறேன். காகிதத்தில் இருந்தது போலவே எழுதுங்கள்."

"உங்கள் தலையை எழுதி முடித்துவிட்டேனே!" என்று அவள் கத்தினாள். "கைகள் வேறு, தலை வேறாக இருக்கும். அதை வெட்டி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். நேரம் இல்லை."

அவள் ஆசீர்வாதத்தைப் பார்த்தாள். அவன் சுவரைப் பார்த்தான். விரல் முதுகால் சுண்ணாம்பைத் தொட்டு, அதை உதட்டில் வைத்து ஈரம் பார்த்தான். "கைகளையும் என் முகத்தையும் முதலில் எழுதுங்கள், மூன்று மணிக்குள். அதற்குள் அவர் தலையை எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசிவிடுகிறேன். புதுப் பூச்சு ஆறு மணி வரைக்கும் தாங்கும்" என்று அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னான்.

பிறகு என்னிடம், "ஐயா, தலையை வெட்டணும்" என்றான்.

"வெட்டு."

"வேற எங்கயும் நான் இதைச் சொல்லி உயிரோட வந்திருக்க முடியாது."

"அதிகப்பிரசங்கித்தனம் வேண்டாம். வேலையைப் பார்."

கரணையைச் சாய்த்து, என் தோளுக்கு மேல் வட்டமாக ஒரு கோடு இழுத்தான். மூன்றரை மணி நேர உழைப்பு ஈரத்தோடு பெயர்ந்து வாளியில் விழுந்தது. என் ஒரு கண்ணும் மூக்கும் சிதையாமல் மேலே கிடந்தன. பிர்கிட் அதைப் பார்க்காமல் கைகளை எழுதிக்கொண்டிருந்தாள். அவன் இன்னொரு வாளியிலிருந்து புதுச் சுண்ணாம்பை எடுத்து அந்தக் குழியில் அப்பி, ஓரம் தெரியாமல் தேய்த்தான். ஓரம் தெரிந்தது. என் தலையைச் சுற்றி ஒரு தழும்பு போல அது இன்றும் தெரியும். வெயில் பக்கவாட்டில் விழும்போது போய்ப் பார்க்கலாம்.

மூன்று மணிக்குள் கைகள் முடிந்தன. அவன் கைகள் பாத்திரத்தின் அடியில், என் கைகள் அவற்றுக்குக் கீழே ஏந்தியபடி. அவன் முகமும் முடிந்தது. மூன்றரை மணிக்குப் பிர்கிட் என்னை மறுபடி உட்கார வைத்தாள். ஆசீர்வாதம் எதிரில் நின்று தண்ணீர் நிரம்பிய பாத்திரத்தை என் பக்கம் நீட்டினான், என் பார்வை சரியான இடத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக.

நான் குனிந்தேன். இரண்டு அங்குலம் இருக்கும். எங்கள் வீட்டில் கர்த்தரைத் தவிர யார் முன்னாலும் செய்யாத காரியம். கழுத்தின் பின்பக்கம் காற்றுப் படுவது எனக்குத் தெரிந்தது. சட்டைக் காலருக்கு மேலே அந்த இடத்தில் இத்தனை வருஷம் காற்றுப் பட்டதில்லையோ என்னவோ.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் பிர்கிட். இன்னும் கொஞ்சம் குனிந்தேன்.

குனிந்தபடியே, தம்பிக்கு எழுத வேண்டிய கடிதத்தை மனதில் எழுதினேன். பத்திரிகை போய்ச் சேருவதற்கு முன் என் கடிதம் போய்ச் சேர வேண்டும். முதல் வரியில் ரூபவதி என்று எழுதுவேன். வேதாகமத்தில் ஒட்டியிருக்கும் காகிதத்தைத் தண்ணீர் தொட்டுப் பிரித்துத் தேதியைப் பார்த்து எழுதச் சொல்வேன். அவன் பதில் எழுதமாட்டான். அது எனக்குத் தெரியும். அவனும் அந்த வீட்டில் வளர்ந்தவன்தானே.

நான்கு மணிக்குச் சுகிர்தா வந்தாள். அவள் செருப்புச் சத்தம் பாதி வழியில் நின்றுவிட்டது.  பின்வரிசையில் உட்காருகிற சத்தம் மட்டும் கேட்டது.

ஐந்தரை மணிக்குச் சாரம் பிரிக்கும் ஆட்களோடு மாட்சென் வந்தார். முடிந்திருக்காது என்ற நம்பிக்கை அவர் நடையிலேயே கேட்டது. சுவருக்குக் கீழே வந்து நின்றார்.  நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியாது. பிர்கிட் அப்போது என் நெற்றியை எழுதிக்கொண்டிருந்தாள். அவருடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது.

"வேலைக்காரனிடமிருந்து முதலாளி வாங்குகிறாரா?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகவே தெரியாமல் கேட்டாரா, தெரியவில்லை.

"முதலாளி யாரும் இல்லை" என்றேன், தரையைப் பார்த்தபடியே. "இரண்டு பேரும் ஒரே ஊர்."

பூட்ஸ் திரும்பியது. பிறகு ஆட்களிடம் டேனிஷில் ஏதோ சொல்லிவிட்டு, அவர் போய் ஒரு வரிசையில் உட்கார்ந்தார். பலகை கிரீச்சிட்டது. பாத்திரத்தில் தண்ணீர் லேசாகத் தளும்பியது. இரண்டு மணி நேரமாக நீட்டிய கை.

"கழுத்து வலிக்குதாய்யா?" என்று ஆசீர்வாதம் மெதுவாகக் கேட்டான்.

"பேசாதே. ஆட்டாமல் பிடி."